மெஹர்பானு தைத்த ஒரே பை

மெஹர்பானு தன் வாழ்நாளில் தைத்து முடித்தது ஒரே ஒரு பைதான். அதையும் தன் கையாலேயே பிரித்தாள். ஏன் பிரித்தாள் என்று சங்கரன்கோவிலில் அவள் தெருக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதிக் கதை நாத்தனார் கொடுமையில் போய் முடியும், மீதி மாமியார் கொடுமையில். இரண்டும் சுத்தப் பொய். அந்த வீட்டில் கொடுமைக்காரர் என்று யாருமே இல்லை. அதுதான் மெஹர்பானுவுக்குப் பெரிய கஷ்டமாகப் போயிற்று.

நெசவுக்காரர் மகளுக்குத் தைக்கத் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு நெசவும் தெரியாது, தையலும் தெரியாது. கடையநல்லூரில் அவளைப் பெற்ற அத்தா வீட்டில் தறி இருந்தது, ஊசி இல்லை. நெய்த துணி தறியை விட்டு இறங்கியதும் மடிப்புக் கலையாமல் முதலாளி வீட்டுக்குப் போய்விடும். அதில் யாராவது கத்தரிக்கோல் வைப்பதைப் பார்த்தால் அத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மெஹர்பானு சின்னப் பிள்ளையிலிருந்தே தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். அறுந்த இழையைப் பார்க்காமலே விரலால் பிடித்து முடிச்சுப் போடுவாள். துணியைத் தொட்டே புதுசா பழசா, மில்லா தறியா என்று சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு பொத்தானைச் சட்டையில் நிற்க வைக்கச் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள்.

எழுபதுகள் முடியப் போகிற சமயத்தில் அவளைச் சங்கரன்கோவில் மன்சூர் அலிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவனுக்குச் சவுதியில் வேலை. லீவு தீருவதற்குள் அவன் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தது. புதுப்பெண் அல்லவா, நான் தைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்த் தறியில் இழை முடிகிற மாதிரி நாலைந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். புளியங்குடியில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் ஜரினா அன்றைக்கு வந்திருந்தாள். பொத்தானைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மதினி, இது சட்டையா, தறியா? எங்கண்ணன் இதை மாட்டிக்கிட்டு சவுதிக்குப் போனாம்னா ஏர்போட்டுல அவுக்கச் சொல்லிருவானுவ!”

மாமியார் ஆயிஷம்மாளும் சேர்ந்து சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் வந்து மாதம் திரும்பாத வீட்டில் நல்ல சிரிப்புக்கும் கெட்ட சிரிப்புக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. மெஹர்பானு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மன்சூர் அலி சவுதி திரும்பப் பம்பாய்க்கு ரயிலேறிப் போன பிறகு வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். ஆயிஷம்மாளைத் தெருவில் ஹஜ்ஜம்மா என்பார்கள். புருஷனோடு கப்பலில் போய் ஹஜ் முடித்து வந்தவள். வந்த சில வருஷத்தில் அவர் மவுத்தாகி மண்ணுக்குப் போனார். ஆயிஷம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் பொரை விழுந்திருந்தது. ஆள் வருவது நிழலாட்டமாகத் தெரியும், முகம் தெரியாது. ஆபரேஷன் என்றால், “கண்ணக் கத்தியால கீறவா? நான் பாத்ததெல்லாம் போதும்” என்று பேச்சை வெட்டிவிடுவாள்.

ஏதாவது ஒன்றைத் தைத்துக் காட்டிவிட வேண்டும் என்று மெஹர்பானுவுக்குள் ஒரு வைராக்கியம் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை ஒன்று அடுக்களையில் தொங்கியது. அதை எடுத்துத் தையலைப் பிரித்துப் பரப்பிப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா! ஒரே நீளத் துணி. நடுவில் மடித்தால் அடிப்பக்கம் தானாக வந்துவிடுகிறது. இரண்டு ஓரத்திலும் நேர்த்தையல், வாயை உள்ளே மடித்து ஒரு தையல், இரண்டு கைப்பிடி. கைப்பிடி ஒட்டுகிற இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு கட்டம், கட்டத்துக்குள் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. இதைத் தைக்கத் தெரியாதா நமக்கு என்று தைரியம் வந்துவிட்டது. துணிதான் வேண்டும்.

ஆயிஷம்மாள் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

“பெட்டியில அடியில என் பழைய துப்பட்டி ஒண்ணு கெடக்குட்டி மெஹரு. எடுத்துக் கிழிச்சு என்னமும் தச்சுப் பழகு.”

துப்பட்டி என்பது அந்தக் காலத்தில் முஸ்லிம் பெண்கள் வெளியே போகும்போது தலையிலிருந்து கணுக்கால்வரை போர்த்திக்கொண்ட வெள்ளைத் துணி. ஆயிஷம்மாள் சொன்னதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் பெட்டியில் இருந்தது. அந்த வீட்டு நடு அறையில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு தேக்குப் பெட்டியும் அக்கம் பக்கமாக இருந்தன. ஆயிஷம்மாளுக்குத் தகரம்தான் பெட்டி, தேக்கு பெட்டகம். கடையநல்லூர்க்காரிக்குத் தகரம் டிரங்கு, மரத்தில் செய்ததுதான் பெட்டி. மாமியார் தலை மறைந்ததும் மெஹர்பானு தேக்குப் பெட்டியைத் திறந்தாள்.

அடியில் வெள்ளைத் துணி இருந்தது. மடிப்புக்குள் நாலைந்து சூடக் கட்டிகள். பூச்சி அரிக்காமல் இருக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். உதறிப் பிரித்தாள். ஆள் உயரத்துக்கு மேல் நீளம். விரலால் தடவினாள்.

இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பெண் வருஷக்கணக்காகத் தலையில் போட்ட துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஓரத்தில் தெருப்புழுதி ஏறியிருக்கும், வெளுத்து வெளுத்து நூல் தளர்ந்திருக்கும். இந்தத் துணி யார் உடம்பிலும் ஏறாதது. அது மெஹர்பானுவின் விரலுக்குத் தெரிந்துவிட்டது. கரை முறுக்கியிருந்த விதம் நம் பக்கத்து மில்லில் பார்க்காதது. இது துப்பட்டி இல்லையே என்று ஒரு நினைப்பு கண் இமைக்கிற நேரம் வந்தது. அதற்குள், மாமிதானே எடுக்கச் சொன்னாக என்ற நினைப்பு அதை ஓரமாகத் தள்ளிவிட்டது. துணி அவ்வளவு நன்றாக இருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் அவள் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். மனசு ஒத்துக்கொண்டாலும் விரல் ஒத்துக்கொள்ளவில்லை.

பேச்சித்தாயிடம் கத்தரிக்கோல் இரவல் வாங்கி வந்து துணியைச் சரிபாதியாக மடித்து, மடிப்பிலேயே வெட்டினாள். துணி வெட்டுப்படுகிற சத்தம் அவளுக்குப் புதிது. அத்தா ஞாபகம் வந்தது.

முதல் பாதி பாழாய்ப் போயிற்று. ஓரமெல்லாம் அழகாக வந்துவிட்டது. கைப்பிடி வைக்கும்போது முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் சேர்த்து ஊசி ஓட்டித் தைத்துவிட்டாள். வாயைத் திறக்க முடியாத பை. அதைப் பார்க்க அவளுக்கே சிரிப்பும் அழுகையும் வந்தன. பிரிக்கப் பொறுமை இல்லாமல் கிழித்தாள். கிழிந்த துணி வீணாகப் போவானேன் என்று அடுப்படியில் சட்டி இறக்கும் பிடிதுணியாக்கிவிட்டாள். மீதிப் பாதியில் நிதானமாகத் தைத்தாள். கைப்பிடி பிய்ந்துவிடுமோ என்ற பயத்தில் நூலை இரட்டையாக்கி, கட்டத்தின் மேல் கட்டமாக, பெருக்கல் குறியின் மேல் பெருக்கல் குறியாக ஓட்டித் தள்ளினாள். தையல் கோணல்தான். ஆனாலும் பை பையாக இருந்தது.

ஆயிஷம்மாள் அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். கைப்பிடியை இழுத்தாள்.

“நீயாட்டி தச்ச? சத்தியமா?”

“ஆமா மாமி. நீங்க சொன்ன துப்பட்டிதான்.”

“நம்ம துப்பட்டி இம்புட்டு நல்லாவா இருந்துச்சு? பொத்திப் பொத்தி வச்சேன், தெரியாமப் போச்சே! ஜரினா வரட்டும், அவ மூஞ்சியில காட்டுதேன்.”

அன்றைக்கு மெஹர்பானுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆயிஷம்மாள் சந்தைக்குப் போகும்போதெல்லாம் மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கையில் அந்தப் பையை மாட்டிக்கொள்வாள். கத்தரிக்காய்க்காரியிடமும் பூக்காரியிடமும் காட்டுவாள். “எம் மருமவ கையால தச்சது. கல்லைப் போட்டாலும் கைப்பிடி வராது.” மீன் வாங்கினால் மட்டும் அதில் போட விடமாட்டாள். நாற்றம் பிடித்துவிடுமாம்.

நோன்பு மாதத்துக்கு முந்தி வீட்டை ஒதுங்க வைப்பது வழக்கம். அந்த வருஷம் பாத்திரமெல்லாம் துலக்கி முடித்து, பகல் வெயில் முற்றத்தில் இறங்கியிருந்த நேரத்தில் ஆயிஷம்மாள் கூப்பிட்டாள்.

“மெஹரு, பெட்டகத்துல அடியில எந் துணி இருக்கும். எடுத்து வா, வெயில் காட்டி வைப்போம்.”

“என்ன துணி மாமி?”

“எங் கபன் துணிதாம்ட்டி. மன்சூரு உங்கிட்ட சொல்லலியா?”

கபன் என்றால் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, சுற்றிப் புதைக்கிற துணி. மெஹர்பானு கையில் துடைப்பத்தோடு நின்றாள். ஆயிஷம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஊருக்கெல்லாம் சொல்லிச் சலித்த கதையை இவளுக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்கிற ஆதங்கத்தோடு சொன்னாள்.

“மக்கத்துல ஒரு கடையில அவுகதான் எடுத்தாக. ஒரே துணி. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு அங்க ஜம்ஜம் கெணத்துத் தண்ணியில முக்கிப் பிழிஞ்சோம். காயிறவரைக்கும் அவுக பக்கத்துலயே குந்தியிருந்தாக, காத்து தூக்கிட்டுப் போயிருமாம். பொறவு ரெண்டாக் கிழிச்சு ஒண்ணு அவுகளுக்கு, ஒண்ணு எனக்கு. அவுக அதுலதான் போனாக. நானும் இதுலதான் போவணும். மத்த துணியெல்லாம் கடையில வாங்கிக்கிடட்டும், மேல சுத்துறது மட்டும் இதுதான். வேற ஒண்ணும் நான் அல்லாகிட்டக் கேக்கல.”

மெஹர்பானு அறைக்குள் போனாள். தேக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், ஏதோ அங்கே இன்னும் அது இருக்கப்போகிற மாதிரி. பிறகு தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியில் பழைய துப்பட்டி கிடந்தது. மஞ்சளாகி, ஓரிடத்தில் இழை ஓட்டி அடைத்து, எண்ணெய் வாடையோடு. அறைக்கும் முற்றத்துக்கும் நடுவில் அவள் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாமியார் ஒரு பாட்டம் அழுதிருப்பாள், திட்டியிருப்பாள். அதோடு போயிருக்கும். மெஹர்பானு துப்பட்டியை மடித்து, சூடக் கட்டிகளை எடுத்து மடிப்புக்குள் வைத்து, கொண்டுபோய் மாமியார் மடியில் வைத்தாள்.

ஆயிஷம்மாள் அதை மெல்லத் தடவினாள்.

“மெத்துன்னு ஆயிருச்சேட்டி.”

“நாளாச்சுல்லா மாமி.”

“ஆமா, நாளாச்சு. நானுந்தான் மெத்துன்னு ஆயிட்டேன்.” சிரித்தாள். பிறகு மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு சொல்லுதேன், கேளு. நான் மவுத்தானா ஜரினா அழுதுக்கிட்டே கெடப்பா, அவளுக்கு ஒண்ணும் ஓடாது. குளிப்பாட்ட வாரவளுவ கடைத்துணியப் போட்டு முடிச்சிருவாளுவ. நீ பக்கத்துல நில்லு. இந்தத் துணிதான்னு சொல்லு. உன்ன நம்பித்தான் இருக்கேன்.”

“சரி மாமி” என்றாள் மெஹர்பானு. வேறு என்ன சொல்வாள்?

அன்றையிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. அடுப்படியில் கரியேறிக் கிடந்த பிடிதுணியை எடுத்துச் சோடா உப்புப் போட்டு அவித்துப் பார்த்தாள், துவைத்துப் பார்த்தாள். கரி போகவில்லை, இரண்டு இடத்தில் தீப்பொறி பட்டு ஓட்டையும் விழுந்திருந்தது. எரிக்க மனசு வரவில்லை, குப்பையில் போடவும் கை வரவில்லை. கடைசியில் பின்னாலிருந்த முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். ஆள் சாவதற்கு முன்னாலேயே கபனை மண்ணுக்குள் வைத்த பாவி நான்தான் என்று தோன்றிற்று. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பையை ஒளிக்கவும் முடியவில்லை. அரிசி கொட்டி வைக்கும் குலுக்கைக்குப் பின்னால் செருகி வைத்தாள். “எங்கட்டி என் பை?” என்று ஆயிஷம்மாள் அடுக்களையில் தடவித் தேடிக்கொண்டு வந்து குலுக்கையில் முட்டிக்கொண்டாள். கைப்பிடி பிய்ந்துவிட்டது என்று மெஹர்பானு ஒரு பொய் சொன்னாள். “இவ்வளவுதானா? தச்சுக் குடு” என்று பதில் வந்தது. தன் கபனையே கையில் மாட்டிக்கொண்டு, அதில் வெங்காயமும் கருவேப்பிலையும் போட்டுக்கொண்டு, மருமகளைப் பற்றிப் பெருமை பேசியபடி அந்த மனுஷி நடந்து வந்தாள். மெஹர்பானு தோளில் அவள் கை இருந்தது.

சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்தாள். மாமிக்குக் காய்ச்சல், சுகமாகட்டும் என்று தள்ளினாள். சுகமானதும், இப்போதானே தேறியிருக்கிறாள் என்று தள்ளினாள். நோன்பில் சொல்லக் கூடாது, பெருநாள் கழியட்டும். பெருநாளில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? தள்ளிப்போடுகிறவளுக்குக் காலண்டர் முழுக்கக் காரணம்தான். இப்படியே வருஷமும் ஓடிவிட்டது. வெயில் காட்டுகிற நாள் மறுபடியும் வந்தது. பழைய துப்பட்டிக்கு மறுபடியும் வெயில் காட்டினாள்.

மன்சூர் அலி லீவில் வந்தபோது அவனிடம் சொன்னாள். அவன் நல்லவன், கத்தவில்லை.

“மார்க்கத்துல என்ன சொல்லியிருக்கு? வெள்ளையா, சுத்தமா இருந்தாப் போதும். எந்தத் துணியா இருந்தா என்ன? அடுத்த வாட்டி மக்கத்துலருந்தே ஒண்ணு எடுத்து, ஜம்ஜம்ல நனைச்சுக் கொண்டாறேன். அம்மாகிட்டச் சொல்லி எதுக்கு அவ மனச ஒடைக்க?”

“அது உங்கத்தா எடுத்த துணி மச்சான். அதுதான் அவுகளுக்கு வேணும்.”

அவன் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். அவனிடம் சொன்ன பிறகு பாரம் பாதியாகக் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. இப்போது அந்த வீட்டில் கண் தெரியாத ஒருத்தியை ஏமாற்றுகிறவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள்.

அவன் சவுதி திரும்பிய மறு வருஷம், மாசி மாதத்தில் ஒரு காலை, ஆயிஷம்மாள் சுபுஹுத் தொழுகை முடித்து, தொழுத முசல்லா விரிப்பிலேயே சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. படுக்கவில்லை, பாயில் கிடக்கவில்லை, ஒருத்தருக்கும் சிரமம் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல மெஹர்பானுவுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

ஜரினா பஸ் பிடித்துப் புளியங்குடியிலிருந்து ஓடி வந்தாள். மகனுக்குத் தந்தி போயிற்று. மாலை அஸர் தொழுகைக்கு முந்தி மையித்தை எடுத்துவிடுவது என்று ஜமாஅத்தில் முடிவு செய்தார்கள். குளிப்பாட்டுகிற நூரம்மாள் வந்து அடுப்பில் தண்ணீர் போடச் சொன்னாள். ஆண்கள் கடையிலிருந்து மற்றத் துணிகளை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

“ஹஜ்ஜம்மா மக்கத்துத் துணி வச்சிருந்தாளே, அத எடு” என்றாள் நூரம்மாள்.

மெஹர்பானு எழுந்திருப்பதற்குள் ஜரினா போய்த் தேக்குப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்துவிட்டாள். பகல் வெளிச்சத்தில் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரித்தார்கள். மஞ்சள் பாரித்த துணி. நடுவில் இழை ஓட்டி அடைத்த இடம். தலைப்பக்கம் எண்ணெய்க் கறை.

“இது துப்பட்டில்லா?” என்றாள் நூரம்மாள்.

ஒருத்தி ‘ச்சு’ கொட்டினாள். “பாவம், கண்ணு தெரியாமத் தன் துப்பட்டியவே கபன்னு நெனச்சுப் பூட்டி வச்சிருக்கா.” இன்னொருத்தி, “மக்கத்துத் துணி, மக்கத்துத் துணின்னு ஊரெல்லாம் சொல்லுவாளே” என்றாள். அந்த இழவு வீட்டிலும் ஓரமாக ஒரு சிரிப்பு எழும்பி அடங்கிற்று. ஜரினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“எங்கம்மாவுக்குக் கடைசியில புத்தி தடுமாறிப் போச்சே! நமக்குத் தெரியாமப் போச்சே!”

மெஹர்பானு பேசாமல் இருந்திருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். கடைத்துணியில் மையித்து போயிருக்கும். பழி, பதில் சொல்ல வாயில்லாதவள்மேல் தானாகப் போய் உட்கார்ந்திருக்கும். கடல் தாண்டிப் போய்ப் புருஷனோடு அந்தத் துணியைப் பிடித்துப் பிழிந்து காயவைத்து வந்தவளை இந்தத் தெரு இனிமேல் புத்தி தடுமாறியவள் என்று சொல்லும். மெஹர்பானுவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“மாமிக்குப் புத்தியெல்லாம் தடுமாறல. நாந்தான் வெட்டுனேன்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அடுக்களைக்குப் போய் ஆணியில் தொங்கிய பையை எடுத்து வந்தாள். அதற்குள் முந்தின நாள் வாங்கிய கத்தரிக்காய் இருந்தது. தரையில் கொட்டினாள்.

“இதுதான் அந்தத் துணி. பெட்டியத் தெரியாமத் தெறந்தேன். இல்ல, பொய் சொல்லப்படாது. தொட்டப்பமே எனக்குத் தெரிஞ்சுச்சு, துப்பட்டி இல்லன்னு. ஆசையில வெட்டிட்டேன். பாதி கரித்துணியாப் போச்சு. இது மிச்சம். மாமிக்குத் தெரியாது. நான் சொல்லல.”

ஜரினா பையையும் மெஹர்பானுவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்கம்மா இதுலயா கத்தரிக்கா வாங்கிக்கிட்டுத் திரிஞ்சா? ஏட்டி, எங்கிட்டக் காட்டிப் பெருமையடிச்சாளேட்டி! நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்த?”

மதினி என்று மரியாதையாக இருந்தவள் ஏட்டி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். மெஹர்பானு தலையைக் குனிந்துகொண்டாள். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பாள். ஜரினா அடிக்கவில்லை.

நூரம்மாள் காரியக்காரி. பையை வாங்கி அகலம் பார்த்தாள்.

“மேல சுத்த எட்டாது. பிரிச்சா முக்காட்டுக்குக் காணும். பொம்பளைக்குத் தலைக்கு ஒரு துணி வேணும்லா, அதுக்கு வச்சுக்கிடலாம். ஆனா தச்ச துணி ஆவாது. ஒரு தையல்கூட இருக்கப்படாது. பிரி, நாங்க குளிப்பாட்டி முடிக்கிறதுக்குள்ள பிரிச்சுத் துவைச்சுக் கொண்டா.”

மெஹர்பானு பிளேடோடு உட்கார்ந்தாள். ஓரத் தையல் சரசரவென்று வந்துவிட்டது. வாய்த் தையலும் வந்துவிட்டது. கைப்பிடி வரவில்லை. கல்லைப் போட்டாலும் வராது என்று ஆயிஷம்மாள் சொன்னது பொய்யில்லை. இரட்டை நூலில் கட்டத்தின் மேல் கட்டமாக அவள் ஓட்டியிருந்த தையல் துணியோடு ஒன்றாக இறுகிக் கிடந்தது. அழுத்தினால் துணி அறும், அழுத்தாவிட்டால் நூல் அறாது. ஒவ்வொரு கண்ணியாக நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. கண்ணீர் வழிந்து தையல் தெரியவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் ஆண்கள் குரல் கொடுத்தார்கள். “இன்னும் எம்புட்டு நேரம்?”

ஜரினா எதிரில் வந்து உட்கார்ந்தாள். மறு கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்து ஊசியால் நெம்பத் தொடங்கினாள். துணிக்கு அந்த முனையில் அவள், இந்த முனையில் இவள். கைப்பிடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

துவைத்து விரித்தபோது மஞ்சள்கறை ஒன்று மட்டும் போகாமல் நின்றது. ஓரமெல்லாம் ஊசித் துளைகள். கைப்பிடி இருந்த நாலு இடத்திலும் கட்டமும் பெருக்கல் குறியும் துளை துளையாகத் தெரிந்தன. நூரம்மாள் வாங்கிப் பார்த்தாள். “போதும்” என்று சொல்லி, வாரி இரண்டாகப் பிரித்துவிட்டிருந்த நரைமுடிமேல் அதைப் போட்டாள். மற்றத் துணிகளைச் சுற்றினாள். முகத்தை மட்டும் திறந்து வைத்தாள்.

“பாக்குறவுக பாத்துக்குங்க. மையித்த எல்லாரும் பொருந்திக்கிடுங்க.”

அது வழக்கம். போகிறவர் யார் மனசையாவது நோகடித்திருந்தால், இருக்கிறவர்கள் பொருந்திக்கொண்டேன் என்று வாயால் சொல்லி மன்னித்து அனுப்ப வேண்டும். பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து முகம் பார்த்து, பொருந்திக்கிட்டேன், பொருந்திக்கிட்டேன் என்று நகர்ந்தார்கள். பேச்சித்தாயும் வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஜரினா தாயின் கன்னத்தைத் தொட்டு, சொல்லிவிட்டு விலகினாள்.

மெஹர்பானு முறை வந்தது. குனிந்தாள். நெற்றியோரத்தில் துணியின் விளிம்பில் அவள் போட்ட ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. அவள் கண் அதிலேயே நின்றது.

“சொல்லு மக்கா” என்றாள் நூரம்மாள்.

“நான் என்னத்தப் பொருந்த? அவுகல்லா என்னப் பொருந்தணும்!”

“அவ இனிமே எங்க வாயத் தொறக்கப் போறா? நீ சொல்லு. மாமியாரப் பொருந்திக்கிட்டேன்னு சொல்லு. சொல்லாம எடுக்க முடியாது. ஆளுக காத்துக் கெடக்காக.”

இத்தனை வருஷத்தில் மாமி தனக்குச் செய்த குறை ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

“பொருந்திக்கிட்டேன்” என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. நூரம்மாள் காதைச் சாய்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள். மெஹர்பானு எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள். அதற்கப்புறம்தான் மையித்தைச் சுமந்து போகும் சந்தூக்கைத் தூக்க ஆண்கள் உள்ளே வந்தார்கள்.